தாட்சண்யத்துக்குப் பூட்டு

எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் ‘உள்ளே வாங்க’. வைத்தவன் நான்தான். ரவுட்டரைப் பொருத்த வந்தவர் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, பிள்ளைக்குப் பெயர் வைக்கிற பரவசம் வந்துவிட்டது எனக்கு. மரியாதையாக இருக்கட்டுமே என்று அதைச் சொன்னேன். பாஸ்வேர்ட் என்றார். வருகிறவர்களை ஒரு தடவை அழைத்தால் போதுமா? ‘வாங்கவாங்க’ என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நம் வேலை பொருத்துவதோடு சரி என்று கிளம்பிப் போனார்.

அதன்பின் வந்தார்கள்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டில் இருக்கும் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பூட்டுக் கடை வைத்திருக்கிறார். தன் வீட்டு லைன் படுத்துக்கொண்டது, அது எழுந்திருக்கும்வரைக்கும் உன்னுடையதைக் கொடு என்றார். கொடுத்தேன். அவர் லைன் அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. அவர் வீட்டு டிவி, வாசல் கேமரா, தரையைப் பெருக்கும் வட்ட மிஷின் எல்லாம் எங்கள் வீட்டுக் காற்றைக் குடித்தே உயிர் வாழ்ந்தன. அடுத்து மேல்மாடிப் பாட்டு டீச்சர். அவருடைய மாணவிகள் திரைக்குள்ளிருந்து அபஸ்வரம் பாட ஒரு வழி வேண்டியிருந்தது. பிறகு கீழ்வீட்டுப் பூனைக்காரம்மா. ஆபீஸில் இருக்கும்போது பூனை என்ன செய்கிறது என்று பார்க்கக் கேமரா வாங்கியிருந்தார். பூனை தூங்குவதை நேரலையில் காட்டும் திருப்பணியும் எங்கள் ரவுட்டருக்கே வாய்த்தது.

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. பிறவிக் கோளாறு. நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் உட்கார வைப்பது என் பொறுப்பு. வேறு கடையில் வாங்கிய கண்ணாடியை யாராவது திருகு கழன்றுவிட்டது என்று கொண்டுவந்தால்கூட, திருகை முடுக்கி, மூக்கில் அழுந்துகிறதா என்று விசாரித்து, துடைத்துப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். இது கடையா தர்மசத்திரமா என்று முதலாளி கேட்பார். அவருடைய மச்சானின் கண்ணாடியையும் அப்படித்தான் சரிசெய்து கொடுத்தேன் என்பதால் அதற்குமேல் கேட்கமாட்டார்.

என் மனைவி நேர் எதிர். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காக வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிறாள். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்ததைக் கேட்டு அறிக்கையாக அடிக்க வேண்டும். காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். அந்த வசதி கணவன்மார்களுக்கு வைக்கப்படாதது பற்றி அவளுக்கு வருத்தம் உண்டு.

எங்களோடு அவளுடைய அம்மாவும் இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி, இப்போது நாலுகால் நடைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடை பழகுகிறார். நடந்துவிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத்தான் ஒரு கை வேண்டும். அந்தக் கை என் மனைவியுடையது. டாக்டரைக் காலால் நிறுத்திவிட்டு, அம்மாவைக் கையால் தூக்கிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து மிதிப்பாள். நாள் முழுக்க இதுதான் எங்கள் வீட்டின் தாளம்.

இந்தத் தாளத்தில்தான் கல் விழுந்தது. நோயாளிகளின் விவரங்களை எங்கோ யாரோ களவாடிவிட்டார்களாம். அதனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் வைஃபை பத்திரமானதுதானா என்று வெள்ளிக்கிழமை ஆள் வைத்துப் பரிசோதிப்போம், தேறாதவர்கள் அடுத்த வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியின் தட்டச்சு அறைக்கே வந்துவிட வேண்டும் என்று தகவல் வந்தது. ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. காலையில் போனால் இருட்டித்தான் வர முடியும். நானோ கடையில். அக்காவுக்கும் சகலைக்கும் வேலை. அத்தையை நாற்காலியிலிருந்து யார் எழுப்புவது?

அத்தை இதை உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆபரேஷன் இடுப்பில்தான், காதில் இல்லை.

“எனக்காக யாரும் மண்டையை உடைச்சுக்க வேண்டாம் மாப்பிள்ளை. என்னை ஒரு முதியோர் இல்லத்துல விட்டுடுங்க. அங்க எல்லாம் வைஃபை நல்லா இருக்குமாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை. மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாஸ்வேர்டை மாத்துங்க. யாருக்கும் குடுக்காதீங்க. அவ்வளவுதான்.”

பாதி வேலை சுலபம். மீதிப் பாதி மலை. பூனைக்காரம்மாவிடமும் டீச்சரிடமும்கூட எப்படியோ சொல்லிவிடலாம். சகலையிடம்? அத்தையை வாரந்தவறாமல் பயிற்சிக்குக் காரில் அழைத்துப் போகிறவர். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, ஒரு தலையணை வைத்து, கண்ணாடிப் பாத்திரம் கொண்டுபோவதுபோல் மெல்ல ஓட்டுவார். அந்த மனிதர் முகத்துக்கு நேரே, உங்களுக்கு இனி கிடையாது என்று எந்த வாயால் சொல்வது?

விடுமுறை நாளில் ரவுட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எங்கள் வீட்டு லட்சணம் தெரிந்தது. ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைய ஒரு தனிப் பாஸ்வேர்ட் உண்டு. அது கம்பெனி போட்டு அனுப்பியபடியே இருந்தது. அந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதேதான். வாசலைப் பூட்டாதது போகட்டும், சாவிக்கொத்தையும் வாசலிலேயே மாட்டி வைத்திருந்தேன். அதை மாற்றினேன். ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளை வாங்கிய நாளிலிருந்து யாரும் புதுப்பிக்கவில்லை. அதையும் செய்தேன். இந்த இடத்தில் எழுந்திருந்தால் நல்லவனாக எழுந்திருப்பேன். அப்போதுதான் ஒரு மூலையில் அது கண்ணில் பட்டது: விருந்தாளி வலை.

ஒரே ரவுட்டரிலிருந்து இரண்டு வைஃபை. ஒன்று வீட்டுக்காரர்களுக்கு, இன்னொன்று வந்துபோகிறவர்களுக்கு. எனக்குப் புல்லரித்தது. என்னைப் போன்ற கோழை ஒருவன்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். வீட்டுக்கு ‘வீடு’ என்று புதிதாக ஒரு பெயர், சம்பந்தமே இல்லாத நாலு சொற்களைக் கோத்து நீளமாக ஒரு பாஸ்வேர்ட். விருந்தாளிகளுக்கோ பழைய பெயர், பழைய பாஸ்வேர்ட். அதாவது, நான் எதையாவது மாற்றினேன் என்பதே யாருக்கும் தெரியாது. சகலை வீட்டு மிஷின் பெருக்கிக்கொண்டே இருக்கும். பூனை தூங்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் முகமும் சுருங்காது.

மனைவியின் லேப்டாப்பைப் புது வலையில் சேர்த்துவிட்டு, மாற்றியாயிற்று என்றேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். ஒருத்தர்கூட இல்லை என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவள் கண்ணில் எனக்காக ஒரு மரியாதை மின்னியது. அது ரொம்ப அபூர்வமான பொருள் என்பதால், அது எப்படி வந்தது என்று நான் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு போட்டேன். காலையில் பரிசோதகர் திரையில் வந்தார். ஓர் அம்மாள். குரலில் அப்படி ஒரு பணிவு. என் மனைவி லேப்டாப் திரையை அவருக்குத் தெரியும்படி பகிர்ந்தாள். நான் பக்கத்தில், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி தலைவாரிக்கொண்டு நின்றேன். ரவுட்டரின் பாஸ்வேர்ட் மாற்றியாயிற்றா என்றார். ஆயிற்று. மென்பொருள்? புதியது. நல்லதுங்க, நல்லதுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

“இந்த லேப்டாப் இப்ப ‘உள்ளே வாங்க’ன்னு ஒரு வலையில இருக்குதுங்களே. இதுதான் உங்க வீட்டு வலைங்களா?”

என் தலைமுடி தானாகக் கலைந்தது. லேப்டாப்பை ‘வீட்டில்’ சேர்த்தேனே ஒழிய, பழைய வலையை அதன் நினைவிலிருந்து அழிக்கவில்லை. அதே பெயர், அதே பாஸ்வேர்ட். காலையில் கண் விழித்த லேப்டாப், நாலு வருஷத்துப் பழக்கத்தில் நேரே விருந்தாளி வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரியின் கணினி விருந்தாளிகளோடு, சகலையின் பெருக்கும் மிஷினுக்கும் பூனையின் கேமராவுக்கும் நடுவில். யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன் அல்லவா, லேப்டாப்புக்கும் தெரியவில்லை.

இந்த வலையின் பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அந்த அம்மாள் கேட்டார்.

“தெரியாதவங்க எத்தனை பேர்னு கேட்டீங்கன்னா சொல்றது சுலபம்ங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விருந்தாளி வலை தனியாகத்தானே இருக்கிறது என்று நான் இழுத்தேன். எப்போதாவது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்றால் பரவாயில்லை, ஒரு கட்டடமே நிரந்தரமாகக் குடியிருந்தால் அது விருந்து இல்லை என்று பணிவோடு விளக்கினார். அதன் வழியாக யார் என்ன செய்தாலும் உங்கள் பேரில்தான் வரும் என்றார். எங்கள் வீட்டில் இருப்பவர்கள் தவிர வேறு யாருக்கும் எங்கள் வைஃபை இருக்கக் கூடாது. சாயங்காலம் இன்னொரு தடவை பார்ப்பார். அதிலும் தேறாவிட்டால் தட்டச்சு அறைதான்.

திரை அணைந்தது. என் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடத்து நடுவில் நின்ற அத்தை திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அத்தை நடையைப் பாதியில் விடுவது என்பது எங்கள் வீட்டில் வானிலை எச்சரிக்கை மாதிரி.

“நகருங்க” என்று என்னை ரவுட்டரிடமிருந்து விலக்கிவிட்டு மனைவி உட்கார்ந்தாள். “இதை நான் பாத்துக்கறேன். நீங்க போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாங்க. உங்க வாயால.”

போனேன். படியிறங்கும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பூனைக்காரம்மா அன்று வீட்டில் இருந்தார். தொண்டையைச் செருமி, மன்னிப்பில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, நோயாளிகள், களவு என்று சுற்றிவளைத்து விஷயத்துக்கு வந்தேன். அவ்வளவுதானா, யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று பயந்துவிட்டேன் என்றார் அவர். போன மாதமே கேமராவைப் பூனை தட்டி உடைத்துவிட்டதாம். மேல்மாடி டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், அது கட்டடத்துக்கே பொதுவான வைஃபை என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார். நிர்வாகத்துக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறார். நிர்வாகமும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாளைக்கே சொந்தமாக ஒரு லைன் போட்டுக்கொள்கிறேன் என்றவர், வந்தது வந்தீர்கள் என்று ஒரு கனமான அலமாரியை என்னை நகர்த்தவைத்துத்தான் அனுப்பினார்.

இந்த ஒரு ‘இல்லை’யைச் சொல்ல அஞ்சித்தான் இவ்வளவு காலம் என் மனம் நாலாய் மடிந்து கிடந்திருக்கிறது. நெஞ்சு லேசானது. ஆனால் சகலை கடையில் இருந்தார். ஃபோனில் சொல்கிற விஷயமா இது? வரட்டும் என்று வைத்தேன். அப்படி வைத்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி லேப்டாப் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். பரிசோதகர் அம்மாள் திரையில் வந்துவிட்டார். நான் மூச்சுவிடாமல் ஓரமாக நின்றேன். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு படாரென்று திறந்தது. சகலை. வியர்த்துக் கொட்ட, கையில் தேங்காய் அளவில் ஒரு பூட்டு.

கடையிலிருந்து ஃபோனில் தன் வாசல் கேமராவைப் பார்த்திருக்கிறார். படம் வரவில்லை. எவனோ திருடன் கேமராவைத் துண்டித்துவிட்டு உள்ளே இறங்கிவிட்டான் என்று, கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். நான் அவரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய் நடந்ததை எல்லாம் குசுகுசுவென்று சொன்னேன். பூட்டை மெதுவாக மேடைமேல் வைத்தார். பெரிய உடம்பு, அது கொஞ்சம் சின்னதானது போலத் தெரிந்தது.

“ஊர்ல போறவனுக்குக் குடுக்காதே, சரி. நானும் ஊர்ல போறவனா? அத்தையை நான் யாரோன்னு நினைச்சா கார்ல கூட்டிட்டுப் போறேன்?”

“சகலை, அப்படி இல்ல…”

“எப்படி இல்ல? சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. செவுத்துக்குக்கூடக் கேக்காது.”

ஃபோனை எடுத்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். கூடத்திலிருந்து அந்த அம்மாளின் குரல் ஒவ்வொன்றாக ‘நல்லதுங்க’ சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே கொடுத்தால் அங்கே போய்விடும். இங்கே மறுத்தால் இவர் போய்விடுவார். இருங்க சகலை, செக்கிங் முடியட்டும் என்று நான் என் பரம்பரை ஆயுதத்தை எடுத்தேன்.

அப்போது கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி என்றார் பரிசோதகர் அம்மாள். போய் நின்றேன். சகலையும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார், விரலை எடுக்காமலே.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க சார். கடைசியா, புதுப் பாஸ்வேர்டை ஒருதடவை சொல்லிடுங்க. நான் குறிச்சுக்கறேன்.”

என் வாய் திறந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. அவ்வளவு மரியாதையாக யார் எதைக் கேட்டாலும் அது தானாகத் திறக்கும். சகலையின் விரல் ஃபோன்மேல் இறங்கியது. நான் உள்ளே தேடினேன். ‘வாங்கவாங்க’ இருந்தது. அது செத்துப்போனது. நான் கோத்த அந்த நாலு சொற்கள் இருந்தன. காலையில் மனைவி உட்கார்ந்து அதையும் மாற்றிவிட்டாள். அதன்பின் என்னிடம் எதுவுமே சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

“எனக்குத் தெரியாதுங்க.”

“வீட்டுக்காரருக்கே தெரியாதுங்களா?”

“என் மனைவிக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்லலை.”

“ஏங்க சொல்லலை?” இது அவளைப் பார்த்து.

அவள் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

“கேட்டா குடுத்துடுவாருங்க.”

அந்தப் பணிவான குரல் கலகலவென்று சிரித்தது. எல்லோரிடமும் கடைசியில் ஒரு சோதனையாக இதைக் கேட்டுவிட்டுத்தான் முடிப்பார்களாம். எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டிவிட்டு, கேட்டவுடன் சாவியை நீட்டிவிடுகிறவர்கள்தான் அதிகமாம். எங்கள் ஆட்கள் யாரும் உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்கவே மாட்டார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து என்றாலும் சரி, வேறு எங்கிருந்து என்றாலும் சரி, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள் என்றார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், எழுத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

மனைவி லேப்டாப்பை மூடி வைத்தாள். இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அத்தை, “அப்ப நான் பெட்டி கட்ட வேண்டாமா?” என்று கேட்டார். உடனே, காலையிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறேன், யாராவது எழுப்பிவிடுங்கள் என்றார். நான் போகுமுன் சகலை போய் எழுப்பிவிட்டார். பிறகு பூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ஃபோனைத் திறந்து பார்த்தேன். வலை எதுவும் இல்லை. அவர் எட்டிப் பார்த்தார்.

“நெசமாவே உனக்கும் இல்லையா?”

“இல்ல சகலை.”

“சொந்த வீட்ல?”

“சொந்த வீட்ல.”

அவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரிப்பு. என்னை மட்டும்தான் வேண்டாம் என்கிறீர்கள் என்று நினைத்து மனசு கொதித்துப்போனேன், உன்னையே சேர்க்கவில்லையா அவள் என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பூட்டுக் கடைக்காரரின் கை. நாளைக்கே லைனைச் சரிபார்க்க ஆள் வரச்சொல்லுகிறேன் என்றார். அதுவரைக்கும் நீ பாவம் என்று தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று மாடிப்படி முழுக்க எதிரொலிக்கும் குரலில் சொன்னார். மேலேயிருந்து டீச்சரின் தலை எட்டிப் பார்த்தது. கடைசி எழுத்து சரியாகக் கேட்கவில்லை என்றது.

நான் வீட்டுக்குள் வந்தேன். மனைவி என் கையிலிருந்த ஃபோனையே பார்த்தாள்.

“கோவமா?”

“எதுக்கு?”

“உங்களை நம்பலைன்னு நெனச்சுக்காதீங்க. யாராவது கேட்டு, நீங்க இல்லைன்னு சொல்ல முடியாம நிப்பீங்க பாருங்க, அதை என்னால பாக்க முடியாது.” கிட்டே வந்தாள். “இப்ப சொல்லட்டுமா? உங்க வீடும்தானே.”

இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு சௌகரியம் செய்து கொடுத்ததில்லை. நாளைக்கு முதலாளியின் மச்சான் கேட்கலாம், தெருமுனையில் யாராவது கேட்கலாம். எனக்குத் தெரியாது என்று நான் கம்பீரமாகச் சொல்லலாம். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு மறுப்பு, அதுவும் முழு உண்மையாக.

“வேண்டாம். நீயே போட்டுக் குடு” என்று ஃபோனை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் அவள் விரல்கள் நீளமாக எதையோ அடிப்பது கேட்டது. அதோடு நடைக்கட்டை தரையில் தட்டித் தட்டி வருகிற சத்தமும்.

“என் ஃபோன்லயும் போட்டுடும்மா” என்றார் அத்தை. “மாப்பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டும்.”